பூந்தொட்டிக்குள் ஒரு குடும்பம்



அனுப்பம்பட்டிலிருந்து ஒரு பிளஸ் ஒன் மாணவி கடிதம் எழுதியிருந்தார். கொளத்தூரில் மாமா வாங்கித் தந்த கான்விக்ட் சிக்லிட் ஜோடி மூன்றாவது தடவையாகக் குஞ்சு பொரித்திருக்கிறதாம். "தொட்டியில் இடமே இல்லை சார். அத்தை வீடு பழவேற்காட்டில். அங்கே ஏரியில் விட்டுவிடட்டுமா? எப்படியும் பிழைத்துக்கொள்ளும்தானே?"

பதில் எழுதப் பேனாவை எடுத்தவன், நேரில் போய்ச் சொல்வதுதான் சரி என்று கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறினேன். அது மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து புறப்படும் வண்டி. 1985இல் எரிந்துபோன அந்தப் பழைய சந்தையில்தான் என் முதல் வண்ண மீனைப் பாலித்தீன் பையில் தூக்கி வந்தேன்.

மீஞ்சூருக்கு அடுத்த நிலையத்தில் இறங்கினேன். வீட்டுத் திண்ணையோரம் இரண்டரை அடித் தொட்டி. உள்ளே படுக்க வைத்த மண் பூந்தொட்டி. அதன் வாயில் பெண் மீன் நின்றது. ஆணைவிடச் சிறியது, வயிற்றில் மட்டும் ஆரஞ்சுப் பூச்சு. கைதிச் சட்டை போன்ற கருங்கோடுகளால் வந்த பெயர்தான் கான்விக்ட். கண்ணாடியில் விரல் வைத்தேன். ஆண் மீன் பாய்ந்து வந்து முட்டியது. பின்னால் கடுகு சிதறியதுபோல் குஞ்சுகள். பொழுது சாய்ந்ததும் தாயும் தகப்பனும் வழிதவறிய குஞ்சுகளை வாயில் கவ்விப் பூந்தொட்டிக்குள் உமிழ்ந்தன. பேச வந்ததை மறந்து அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த மீனின் பூர்வீகம் குவாதமாலா, ஹோண்டுராஸ் பக்கத்து ஓடைகள். வெப்பம் நம் ஊர் வெப்பம்தான், ஹீட்டர் வேண்டாம். அமேசான் மீன்களுக்கு ஆகாத நம் போர்வெல் உப்புத்தண்ணீரும் இதற்கு ஒத்துக்கொள்கிறது. முட்டை மூன்று நாளில் பொரியும். இன்னொரு வாரத்துக்குள் குஞ்சு நீந்திவிடும். வளர்க்க இவ்வளவு சுலபமானது என்பதால்தான் ஏரியில் விடக்கூடாது என்கிறேன். ஆஸ்திரேலியாவில் தொட்டியிலிருந்து வெளியே போய் நிலைத்துவிட்ட மீன் இது. நமக்கு அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 1952இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவும் ஒரு சிக்லிட்தான். ஜிலேபி என்று நாம் சொல்லும் அந்த மீன் இல்லாத ஏரி இன்று எங்கே இருக்கிறது?

பழவேற்காட்டு ஏரிக்குச் சொந்தமாகவே சிக்லிட் உண்டு. ஒன்று, கேரளத்தார் கரிமீன் என்று கொண்டாடுவது. இன்னொன்று, விரல் நீளமே உள்ள மஞ்சள் மீன், செல்லக்காசு. அமெரிக்கா, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர் என்று பரவிய இந்தக் குலத்தில் நம் மீன்களுக்கு மிக நெருங்கிய உறவு மடகாஸ்கரில் இருக்கிறது. இடையில் ஒரு சமுத்திரமே கிடக்கிறது! செல்லக்காசுக் குஞ்சுகள் பெற்றோரின் உடம்பில் ஊறும் கோழையைக் கொத்தித் தின்று வளரும். செல்லக்காசு, கரிமீனின் துடுப்பைக் கொத்திச் சுத்தம் செய்துகொடுக்கும். கான்விக்டுக்குக் கொடுக்கும் காசைவிட அதிகமாக இதற்குக் கொடுக்க எனக்கு மனம் வரும். ஆனால் நம் கடைகளில் இதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பழவேற்காட்டிலிருந்து வந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அத்தை, "அந்த மஞ்சளா? எறா தடவுற பொம்பளைங்க பறியில தினமும் ஏறுமே, சின்னதுன்னு திரும்ப வுட்டுடுவாங்க" என்றார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

குஞ்சுகளைத் தீவனத்துக்கு ஈடாகக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். ஜோடியை இரண்டு தொட்டிகளில் பிரித்து விட்டாயிற்று. முட்டைத் தொல்லைக்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. உங்கள் வீட்டிலும் இடம் போதவில்லையென்றால் இதையே செய்யுங்கள். நண்பருக்குக் கொடுங்கள், கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். கிணறு, கால்வாய், ஏரி மட்டும் வேண்டாம்.

இதழ் அச்சுக்குப் போகும் நேரத்தில் இன்னொரு கடிதம் வந்திருக்கிறது. அத்தை எவர்சில்வர் குடத்தில் ஏரித் தண்ணீரோடு ஆறு செல்லக்காசு கொண்டுவந்தாராம். அதில் இரண்டு, தொட்டியில் கிடக்கும் ஆளிச் சிப்பியின் ஒரு பக்கத்தைக் காலையிலிருந்து கொத்திக் கொத்தித் துடைத்துக்கொண்டிருக்கின்றனவாம்.

அன்புடன்,
ஆசிரியர்