தராசுப் படம் போட்டால் போதுமா?

மளிகை வியாபாரிக்கும் பழைய ரோமாபுரிக் காசுக்கும் என்ன சம்பந்தம் என்று உறுப்பினர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது.

தினாரியஸ் என்ற வெள்ளிக் காசு கி.மு. 211-ஐ ஒட்டிப் புழக்கத்திற்கு வந்தது. முன்பக்கம் தலைக்கவசம் அணிந்த ரோமா தேவி; பின்பக்கம் குதிரைமேல் இரட்டைச் சகோதரர்கள். கி.மு. 44-ல் ஜூலியஸ் சீசர் உயிரோடு இருக்கும்போதே அவர் முகம் காசில் ஏறியது. அவரைக் கொன்ற புரூட்டஸ், இரண்டு குத்துவாளும் நடுவே ஒரு தொப்பியும் பொறித்துக் காசு அடித்தார். பின்னர் பேரரசர்கள் காலத்தில் நமக்குப் பிடித்த ஓர் உருவம் வந்தது. ஒரு கையில் தராசு, மறு கையில் வளம் நிறைந்த கொம்பு ஏந்திய ஈக்விடாஸ் தேவி. நியாயம் என்று பொருள்.

படம் நியாயம் பேசியது, சரக்கு குறைந்தது. நீரோ மன்னன் கி.பி. 64-ல் காசின் எடையையும் வெள்ளியின் தரத்தையும் குறைத்தான். 260-களில் கல்லியெனஸ் காலத்துக் காசு, வெள்ளிப் பூச்சு கொடுத்த செம்புதான். அதிலும் தராசு தேவி நின்றுகொண்டுதான் இருந்தாள்!

கோவை, கரூர் பகுதிகளில் மண்ணில் கிடைத்த ரோம வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவை நீரோவுக்கு முந்திய அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. தரம் குறைந்த பிறகு அடித்தவை அரிது. நம் முன்னோர் படத்தை அல்ல, வெள்ளியைப் பார்த்தே வாங்கினார்கள் என்றுதான் நாம் கருதுகிறோம்.

இன்று நாம் பார்க்கிறோமா? பொட்டலத்தில் அதே படம், அதே நிறம், அதே விலை. உள்ளே கிராம் குறைவு. நிகர எடையை அச்சிட்டு விடுவதால் சட்டம் பேச வழியில்லை. ஆனால் வாடிக்கையாளர் திட்டுவது கம்பெனியை அல்ல, கடைக்காரரை. சென்ற வருடம் ஒரு சில்லறை வியாபாரி பிஸ்கட் பெட்டியோடு நம் மண்டிக்கு வந்து, "அண்ணாச்சி, எடை குறைஞ்சதை ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார். நாமே கவனிக்கவில்லை. வெட்கமாகப் போயிற்று.

அன்று முதல் சரக்கு இறங்கியதும் எடையைப் பார்த்து, குறைந்திருந்தால் பில்லில் எழுதித் தருகிறோம். கடைக்காரர்களும் வாசல் பலகையில் எழுதி வைக்கலாம். நம் சங்கம் இவ்விதழில் மாதம் ஒரு பட்டியல் வெளியிடலாம். அதற்கு முன், நாமே கட்டும் பருப்பு, சர்க்கரைப் பொட்டலத்தில் பையின் எடையைச் சேர்க்காமல் இருக்க வேண்டும். நம் தராசு சரியாக இருந்தால்தான் கம்பெனிக்காரரிடம் நாம் கேள்வி கேட்க முடியும்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.