மட்டி கூறும் சான்று

கழிமுகச் சேற்றிற் புதைந்து வாழும் மட்டியைப் பற்றித் தமிழ்ப் பண்டிதன் ஒருவன் எழுதுவதற்கு யாது உண்டென வாசகருட் சிலர் வினவக்கூடும். 'மட்டி' என்னுஞ் சொல்லுக்கு மூடன் என்ற பொருளும் நம் மொழியில் உண்டு. தலை என்று ஓர் உறுப்பே இல்லாத அவ்வுயிருக்கு அப்பெயர் பொருந்தும் போலும். ஆயினும் நம் காலத்து விஞ்ஞானிகள் அம்மூடனையே சாட்சிக்கூண்டில் ஏற்றி வைத்திருக்கின்றனர். அச்சாட்சியின் தேவை நம் நாட்டிற்கு இப்பொழுது நேர்ந்திருத்தலின் இதனை எழுதலானேன்.

2021ஆம் ஆண்டு மே மாதத்திற் கொழும்புத் துறைக்கு அணித்தே 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' என்னுங் கப்பல் தீப்பற்றி எரிந்து, ஜூன் மாதத்தில் அமிழ்ந்தது. அதில் இருந்த கொள்கலன்கள் 1,486. நைத்திரிக் அமிலம் 25 தொன். பிளாஸ்ரிக் மணிகள் ஏறத்தாழ 1,680 தொன். அவற்றோடு ஈயக் கட்டிகளும் இருந்தன. 2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நமது உயர் நீதிமன்றம், கப்பலுக்கு உரியோர் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்தவேண்டும் எனத் தீர்ப்பளித்து, இழப்பை மதிப்பிட ஓர் ஆணைக்குழுவையும் அமைத்தது. இத்தகைய வழக்கு எதிலும் எதிர்த்தரப்பார் எழுப்பத்தக்க வினா ஒன்றுண்டு: இக்கடல் முன்னர் எவ்வாறு இருந்தது? அதற்கு மறுமொழி கூற முன்னரே எழுதி வைத்த ஏடு வேண்டும். விபத்து நிகழ்ந்த பின் அவ்வேட்டை எழுத இயலாது.

போத்தலில் மொண்ட நீர் அவ்வேடு ஆகாதோ எனின், ஆகாது. அது மொண்ட கணத்தின் நிலையை மாத்திரமே காட்டும். நள்ளிரவிற் கழிவைத் திறந்துவிட்டு விடியுமுன் மூடிவிடும் ஆலையைக் காலையில் மொண்ட நீர் காட்டிக்கொடுக்காது. அன்றியும், நீரிற் கரைந்த உலோகம் பெரும்பாலும் நூறு கோடியில் ஒரு பங்கு, இரு பங்கு என்ற அளவினது; அதனைப் பிழையின்றி அளத்தல் அரிது. மட்டியோ இரவும் பகலும் நீரையுஞ் சேற்றையும் உறிஞ்சி வடித்து உண்கின்றது. உட்புகுந்த செம்பு, வெள்ளி, கட்மியம் முதலியவற்றை அதன் உடலிலுள்ள சில புரதங்கள் பற்றிப் பிணித்துக்கொள்கின்றன. வெளியேற்றுவதினும் விரைவாகச் சேர்த்தலின் அதன் தசையில் அவை நீரிலுள்ளதைப் போற் பல்லாயிர மடங்காகப் பெருகுகின்றன. இருந்த இடத்தை விட்டு நெடுந்தூரம் அகலாமையின் அது கூறுவது அவ்விடத்துச் செய்தியே. பிறிதொரு நன்மையும் உண்டு. சேற்றில் எவ்வளவு உலோகம் கிடக்கின்றது என்பது வேறு. அதில் உயிருடம்பிற் புகத்தக்கது எவ்வளவு என்பது வேறு. கந்தகத்தோடு இறுகப் பிணைந்த உலோகம் உயிர்க்கு எளிதிற் கிட்டாது. அவ்வேறுபாட்டை அளவுகருவியினும் மட்டியே நன்கறியும்.

இதற்கு யான் அறிந்தவற்றுட் சிறந்த சான்று கலிபோர்ணியாவிலே சன்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் தென்கோடியில் உள்ளது. பலோ அல்ற்றோ நகரின் கழிவுநீர் வந்து விழும் இடத்திற்கு அண்மையிலுள்ள சேற்று வெளியில், மக்கோமா என்னுஞ் சிறு மட்டியை 1970களின் நடுப்பகுதி தொடங்கி ஐக்கிய அமெரிக்கப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தார் நாற்பது ஆண்டுக்கு மேலாக ஆய்ந்தனர். தொடக்கத்தில் அதன் உடலிற் செம்பும் வெள்ளியும் மிக்கிருந்தன. வெள்ளி பெரும்பாலும் நிழற்படத் தொழிலிலிருந்து வந்தது. 1980களிற் கழிவுநீரைத் தூய்மையாக்கும் முறை திருந்தியது. உலோகம் சாக்கடையிற் சேராவண்ணம் தோற்றுவாயிலேயே தடுக்கும் ஏற்பாடுகளும் பின்னர் வந்தன. மட்டியின் உடலில் உலோகம் படிப்படியாகக் குறைந்தது. முன்னர் இனப்பெருக்கம் குன்றியிருந்த அவ்வுயிர் 1980களின் இறுதியை ஒட்டி மீண்டும் செவ்வனே கருவுறலாயிற்று. செலவிட்ட பொருள் வீண்போகவில்லை என நகரத்தார் அறிந்தது அச்சேற்று மட்டியாலேதான்.

இச்சாட்சியை வினவுவதற்கும் முறையுண்டு. பெரிய மட்டியும் சிறிய மட்டியும் ஒரே விடை தாரா. முட்டையிடுங் காலத்தில் உடலின் நிறை மாறுதலின் உலோகத்தின் விகிதமும் மாறும். மழைநீர் கலந்து உவர்ப்புக் குறைந்தாலும் வேறுபாடு தோன்றும். ஆகவே ஒரே இனத்தை, ஒத்த அளவினதாக, ஒரே இடத்தில், அதே பருவத்தில் எடுத்தல் வேண்டும். பலோ அல்ற்றோவில் எடுத்த மட்டிகளை இரண்டு நாள் தூய உவர்நீரில் வைத்துக் குடலிலுள்ள சேறு கழிந்த பின்னரே சோதித்தனர். ஒருமுறை எடுத்துச் சோதித்துப் பத்திரிகைக்கு அறிக்கை விடுவதை யான் ஆய்வென்று கொள்ளேன்.

இதனை வகுப்பில் விளக்கியபொழுது மாணாக்கன் ஒருவன், "அப்படியானால் மட்டியைத் தின்னலாமா, ஐயா?" என்றான். நியாயமான வினா. உண்ணத்தக்க எல்லை வேறு, அறிகுறிக்குரிய எல்லை வேறு. சிப்பியும் விசிறிச் சிப்பியும் ஒழிந்த ஏனைய இருவோட்டுக் கடலுயிர்களிற் கட்மியம் ஒரு கிலோவிற்கு 2 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது சர்வதேச உணவு நியமம். அவ்வெல்லைக்கு மிகக் கீழே நின்றும் ஆண்டுக்காண்டு உயர்ந்து செல்லுமாயின், உண்பவன் இன்று அஞ்சவேண்டியதில்லை. ஆள்பவன் இன்றே விழிக்கவேண்டும். இவ்விரண்டையும் மயங்க உணரின் தண்டனை பெறுபவர் களப்பில் மட்டி பொறுக்கி வயிறு வளர்க்கும் ஏழைகளே. நஞ்சை விட்டவனுக்கு ஒன்றும் நேராது.

யப்பானில் நிகழ்ந்தது அதனினுங் கொடிது. மினமாட்டா விரிகுடாவில் ஓர் இரசாயன ஆலை 1932 முதல் இரசக் கழிவைச் செலுத்தியது. நோய் வெளிப்பட்டது 1956இல். மறு ஆண்டு, அவ்விரிகுடாவின் மீனையும் மட்டியையும் விற்பதைத் தடைசெய்யலாமா எனக் குமமோட்டோ மாகாணத்தார் மத்திய அரசினரை வினவினர். எல்லா மீனும் மட்டியும் நஞ்சுற்றன என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை; எனவே சட்டத்தைப் பிரயோகிக்க இயலாது என்பது வந்த விடை. ஆலை கழிவைச் செலுத்துவது நின்றது 1968இல். இடையில் அவ்விரிகுடா மட்டியின் உடலிலிருந்தே மீதைல் இரசத்தை அறிஞர் பிரித்தெடுத்துக் காட்டியிருந்தனர். சாட்சி பொய்க்கவில்லை. கேட்டவர்களே செவிசாய்க்கவில்லை.

நம் தீவில் இவ்வேட்டைத் தொடங்குவதற்குப் பெரும்பொருள் வேண்டா. நீர்கொழும்பு, புத்தளம், மட்டக்களப்பு, யாழ்ப்பாணக் களப்புகளிற் சில இடங்களைத் தெரிந்து, அணு உறிஞ்சல் முறையால் உலோகம் அளக்கவல்ல பல்கலைக்கழக ஆய்வுகூடங்களோடு இணைத்துவிட்டாற் போதும். இழப்பீடாக வரும் பொருளில் ஒரு சிறு கூறு இருபது ஆண்டுக்குப் போதியதாகும் என்பது என் எண்ணம். பெற்ற கணக்கை ஆங்கில அறிக்கையிற் பூட்டிவைத்தல் கூடாது. மழைவீழ்ச்சிக் கணக்கைப் போலத் தமிழிலும் சிங்களத்திலும் நாளிதழ்களில் வெளியிடல் வேண்டும். மட்டி பொறுக்குவோர் அதனை அதிகாரிகளுக்கு முன்னதாகப் படிக்கட்டும்.