நான்கு சில்லும் இழுத்தாலும்...

மருதமுனையிலிருந்து மாணவர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய வாப்பா நெல்லும் மீனும் ஏற்றுவதற்கென்று பழைய கெப் வாகனம் ஒன்றை வாங்கியிருக்கிறாராம். நான்கு சில்லும் இழுக்கும் வண்டி அது. கனடாவில் வாழும் மாமா, பனி கொட்டும் வீதிகளில் தம்மைக் காப்பது இத்தகைய வண்டியே என்று தொலைபேசியிற் சொன்னாராம். அதைக் கேட்ட நாள் முதலாக மூத்த காக்கா, “இனி மாரி வெள்ளமும் நமக்கு ஒரு பொருட்டல்ல; கிட்டங்கியைக் கடந்து காட்டுகிறேன்” என்று சொல்லி வருகிறாராம். “பனியே இல்லாத நம் ஊரில் இவ்வண்டியின் பயன் யாது? காக்கா சொல்வது சரிதானா?” என்பது மாணவரின் வினா.

வினா சிறிதுதான். ஆயினும் விடையைப் பிழையாக அறிந்தோர் உயிரையே விலையாகக் கொடுக்க நேரும். ஆதலின் இவ்வாரம் அதனையே எடுத்துக்கொள்கிறோம்.

வண்டியை ஓடச் செய்வது எஞ்சின் என்று நாம் எண்ணுகிறோம். எஞ்சின் செய்வதோ சில்லைச் சுழற்றுவது மட்டுமே. வண்டியை முன்னே தள்ளுவது டயருக்கும் நிலத்துக்கும் இடையேயுள்ள பிடி. இப்பிடி இரண்டு காரணங்களால் அமைகிறது: ஒன்று, சில்லு நிலத்தை அழுத்தும் பாரம், மற்றொன்று, நிலத்தின் தன்மை. ஒரு சில்லின்மேல் 500 கிலோ பாரம் இருப்பதாகக் கொள்வோம். காய்ந்த தார் வீதியில் அச்சில்லு ஏறத்தாழ 350 கிலோ அளவுக்கு இழுக்க வல்லது. இறுகிய பனியில் அது 100 கிலோவாகக் குறைந்துவிடும். உறைந்த பனிக்கட்டியிலோ 50 கிலோவே மிஞ்சும்.

பின்சில்லு இரண்டு மட்டும் இழுக்கும் வண்டியில், முன்சில்லுகளின் கீழுள்ள பிடி இழுவைக்குப் பயன்படாமற் போகிறது. கெப்பின் பின்தட்டு வெறுமையாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். இழுக்க வேண்டிய சில்லுகளுக்கு அழுத்தும் பாரமே இல்லை. குளிர்நாட்டார் சிலர் பின்தட்டில் மணல் மூட்டைகளை வைத்து ஓட்டுவது இதனாற்றான். நான்கு சில்லுக்கும் வலு செல்லும்போது கிடைக்கும் பிடி முழுவதும் பயனாகிறது. இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப்பும் 1948 இல் வெளிவந்த லான்ட் ரோவரும் இம்முறையை உலகறியச் செய்தன.

இனி, இழுவைக் கட்டுப்பாடு என்பதையும் காண்போம். வளைவிலே திரும்பும்போது வெளிப்புறச் சில்லு உட்புறச் சில்லைவிட அதிக தூரம் ஓடவேண்டும். அதற்கு இடங்கொடுப்பதற்காக இரண்டுக்கும் நடுவே டிஃபரன்ஷல் என்னும் பல்லிணைப்பு உண்டு. அஃது இருபுறமும் சமமாகவே வலுவைப் பகிரும். ஒரு சில்லு சேற்றில் அகப்பட்டு வீணே சுழன்றால், உறுதியான நிலத்தில் நிற்கும் மற்றச் சில்லுக்கும் அந்த அற்ப வலுவே கிட்டும், வண்டி நகராது. இழுவைக் கட்டுப்பாடு உள்ள வண்டியில் ஒவ்வொரு சில்லின் வேகத்தையும் உணரும் கருவிகள் இருக்கின்றன. வீணே சுழலும் சில்லை அவை கண்டறிந்ததும், அதற்கு மட்டும் தானாகவே பிரேக் பிடிக்கப்படும். எஞ்சினின் வலுவும் சிறிது குறைக்கப்படும். அதனால் வலு மறுபுறச் சில்லுக்குச் செல்கிறது.

நம் கரையோரத்தில் பனியில்லை. ஆனால் மணலும் சேறும் உண்டு. நிந்தவூரின் கடற்கரை மணலிலும், சம்மாந்துறையின் வயல்வழிச் சேற்றிலும் இவ்வண்டி நன்றாகவே உதவும். ஓட்டுவோர் சில முறைகளை மனத்திற்கொள்ளல் வேண்டும்.

மணலில் இறங்குமுன்னரே நான்கு சில்லு இழுவையை இணைத்துவிடுக. புதைந்த பின்னர் இணைப்பதாற் பயன் குறைவு. டயரின் காற்றை 30 இறாத்தலிலிருந்து 20 அளவுக்குக் குறைத்தால் டயர் பரந்து நின்று புதையாமற் காக்கும். தார் வீதிக்கு ஏறியவுடன் மீண்டும் காற்றடிக்க மறத்தலாகாது. காற்றுக் குறைந்த டயர் வேகத்திற் சூடேறி வெடிக்கும். ஆழ்ந்த மணலில் இழுவைக் கட்டுப்பாடு, வலு வேண்டிய வேளையிலேயே எஞ்சினை அடக்கிவிடுவதுண்டு. வண்டியின் கைந்நூல் இடந்தருமாயின் அங்கே அதனை நிறுத்தி வைக்கலாம். சில்லு புதைந்துவிட்டால் எஞ்சினை உறுமவிடுவது தமக்குத் தாமே குழி தோண்டுவதாகும். மணலை அகற்றிப் பலகையோ தென்னை மட்டையோ இட்டு மெல்ல ஏறுக. பழைய கெப்புகளிற் பெரும்பாலானவை காய்ந்த தார் வீதியில் நான்கு சில்லு இழுவையோடு ஓடுவதற்கு ஏற்றவையல்ல. திருப்பங்களில் முன்னும் பின்னும் வெவ்வேறு தூரம் ஓடுவதால் பல்லிணைப்புகள் முறுகிப் பழுதாகும்.

இவ்வளவும் வண்டி புறப்படுவதற்கும் நகர்வதற்குமான கதை. நிற்பதற்கு?

இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். பிரேக் எல்லா மோட்டார் வண்டிகளுக்கும் நான்கு சில்லிலும் உண்டு. ஆகவே நிறுத்தும் திறனில் நான்கு சில்லு இழுவைக்கு எவ்வித மேன்மையும் இல்லை. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டி, காய்ந்த தார் வீதியில் பிரேக் பிடித்தபின் ஏறத்தாழ 14 மீற்றரில் நிற்கும். இறுகிய பனியில் அதே வண்டிக்கு ஏறத்தாழ 50 மீற்றர் வேண்டும். எளிதாகப் புறப்பட்டுவிடுவதால் வீதி வழுக்குகிறது என்பதே ஓட்டுநருக்குத் தெரிவதில்லை. தெரியும்போது காலம் கடந்துவிடுகிறது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2008 முதல் சட்டம் ஒன்று நடைமுறையில் இருக்கிறது. அது குளிர்காலத்தில் வற்புறுத்துவது நான்கு சில்லு இழுவையை அன்று. குளிரிலும் இறுகாது நிலத்தைப் பற்றும் குளிர்காலத் டயரைத்தான். மாமா அவ்வண்டியைப் புகழ்ந்தபோது டயரைச் சொல்ல மறந்துவிட்டார் போலும்! முதல் மழையில் நனைந்த புழுதியும், வயலிலிருந்து ஏறும் உழவு இயந்திரங்கள் வீதியிற் சிந்தும் சேறும் நமக்குப் பனிபோன்றவையே. அங்கே நம்மைக் காப்பவை தேயாத டயரும் குறைந்த வேகமும்.

இனி, காக்காவின் கிட்டங்கிக்கு வருவோம். கல்முனையையும் நாவிதன்வெளியையும் இணைக்கும் அத்தாம்போதியை மாரிவெள்ளம் மேவிப் பாய்ந்த ஆண்டுகள் பல. மேலே சொன்ன கணக்கை நினைவுகூர்க: பாரம் இருந்தாற்றான் பிடி உண்டு. நீரோ பாரத்தையே அகற்றிவிடுகிறது. கெப் ஒன்று ஏறத்தாழ 5 மீற்றர் நீளமும் 1.8 மீற்றர் அகலமும் 2,000 கிலோ எடையும் உடையது எனக் கொள்வோம். அதன் அடித்தட்டுக்கு மேலே நீர் 10 சென்ரிமீற்றர் ஏறினால், உள்ளே நீர் புகுமுன், அந்நீர் 900 கிலோ வரை தூக்கிவிடும். இன்னும் ஒரு சாண் ஏறினால் வண்டி மிதக்கத் தொடங்கும். அதே வேளையில் பாயும் நீர் பக்கவாட்டிலே தள்ளுகிறது. நிலத்தைத் தொடாத சில்லு நான்கானால் என்ன, நாற்பதானால் என்ன? ஓடும் வெள்ளம் 60 சென்ரிமீற்றர் ஆழமிருந்தால் கெப் உட்படப் பெரும்பாலான வண்டிகளை அடித்துச் செல்லும் என்று அமெரிக்க வானிலைச் சேவை மக்களை எச்சரித்து வருகிறது. நீரின் கீழே வீதி அரித்துப் போயிருப்பதும் மேலிருந்து நோக்குவார் கண்ணுக்குப் புலப்படாது.

இதனை நாம் ஏட்டிலிருந்து மட்டும் சொல்லவில்லை. 2024 நவம்பர் 26 ஆந் திகதி, காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியை மேவிய வெள்ளம், மத்ரஸா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தை இழுத்துச் சென்றது. விடுமுறைக்கு வீடு திரும்பிய பிள்ளைகள் அவர்கள். அவர்களிற் பலரும் உடன் வந்தோர் சிலரும் மீளவில்லை. உழவு இயந்திரத்தின் சில்லு கெப்பின் சில்லைவிட எத்துணை உயரமானது என்பதை நம் பிரதேசத்தில் அறியாதார் இல்லை. அன்று உம்மாமார் வாசலில் காத்திருந்த காத்திருப்பை இப்பகுதி எளிதில் மறக்காது.

ஆகவே, அன்புள்ள மாணவரே, உமது வினாவுக்கு விடை இதுவாகும். வாப்பா வாங்கியது நல்ல வண்டி. மணலுக்கும் சேற்றுக்கும் அதனைப் பயன்படுத்துக. ஈர வீதியில் ஏனைய வண்டிகளைப் போலவே மெல்லச் செலுத்துக. வெள்ளம் வீதியை மேவி ஓடுமாயின் நின்று, திரும்பி, வேறு வழி காண்க. வழி இல்லையேல் நீர் வடியும்வரை காத்திருக்க. ஆழம் அறியாமற் காலை விடாதே என்று நம் முன்னோர் சொன்னது நான்கு சில்லுக்கும் பொருந்தும். தம்பி சொல்லி மூத்தவர் கேட்பது அரிது என்பதை நாம் அறிவோம். இப்பகுதியை வாப்பாவிடம் கொடுத்து, காக்கா வீட்டில் இருக்கும்போது உரக்க வாசிக்கச் சொல்லும்.