வெள்ளையை விடக் கற்போம்

ஞாயிறுதோறும் கூடும் நம் நீர்வண்ண ஓவிய வகுப்பில் எல்லோரும் நாட்காட்டிப் படத்தையே பார்த்து எழுதுகிறோம். கை பழகுகிறது; கண் பழகவில்லை.

1911-இல் கோவையில் பிறந்து, 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவிய கே. சி. எஸ். பணிக்கர், இளமையில் நீர்வண்ண இயற்கைக் காட்சிகளாலேயே பெயர் பெற்றார். பாலக்காட்டுப் பனையும் சித்தூர் வயலும் எதிரே நிற்க, நமக்கு அச்சுப்படம் எதற்கு?

நீர்வண்ணத்தில் தாளின் வெண்மையே ஒளி. எங்கே தீட்டாமல் விடுவது என்பதை வெயிலே கற்பிக்கும். சென்ற வாரம் வயலோரம் அமர்ந்தேன். வானம் காயுமுன் பனையைத் தீட்டினேன், இரண்டும் கரைந்தன. தாள் பாழ்; பாடம் பாழன்று.

நண்பர்களே, அடுத்த ஞாயிறு வகுப்பை வரப்புக்கு மாற்றுவோம்!