பிரசவ வார்டின் பொறுப்பு எதுவரை?

2019 ஏப்ரலில் நாமக்கல் மாவட்டம் ராசிபுரத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவரின் தொலைபேசிப் பேச்சு வெளியாகி, தமிழகத்தையே திடுக்கிட வைத்தது. பச்சிளங்குழந்தைக்கு நிறம், எடை, ஆணா பெண்ணா என்று பார்த்து விலை சொன்ன அந்தப் பேச்சில், பிறப்புச் சான்றிதழுக்குத் தனியாக 70,000 ரூபாய் கேட்கப்பட்டது. அவரும் கொல்லிமலையின் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவரும் உட்படப் பலர் கைதானார்கள். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. 2023 அக்டோபரில், அதே மாவட்டத்தின் திருச்செங்கோட்டில், அரசு மருத்துவமனை மகப்பேறு மருத்துவர் ஒருவரும் பெண் தரகர் ஒருவரும் குழந்தை விற்பனைப் புகாரில் கைதானார்கள்.

கைதானவர்களின் குற்றத்தை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். பிரசவச் சேவையை நடத்துகிற நிர்வாகத்தின் பொறுப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நாம் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

தமிழகத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவங்களுக்கு மேல் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. பெருமைக்குரிய சாதனை இது. பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த 2017 டிசம்பரில் மத்திய அரசின் ‘லக்‌ஷ்யா’ திட்டமும் வந்தது. பிரசவ வலி தீவிரமானது முதல் கர்ப்பவாய் எவ்வளவு திறந்திருக்கிறது, குழந்தையின் இதயத்துடிப்பு எப்படி இருக்கிறது என்று வரைபடத்தில் குறிக்கப்படுகிறதா, பிள்ளை பிறந்ததும் ரத்தப்போக்கைத் தடுக்கும் ஊசி போடப்படுகிறதா, ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கப்படுகிறதா என்றெல்லாம் ஆய்வுக் குழு பார்த்து மதிப்பெண் போடுகிறது. பல உயிர்களைக் காக்கும் ஏற்பாடு என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அந்தப் பிள்ளை யார் கையில் வீட்டுக்குப் போனது என்பதையும் தரத்தின் பகுதியாக நிர்வாகம் கருதியிருந்தால், ராசிபுரத்துக்குப் பிறகு திருச்செங்கோடு நேர்ந்திருக்குமா?

கண்டுபிடிக்க வழியில்லாத காரியமும் அல்ல இது. கர்ப்பம் உறுதியானதும் கிராம சுகாதார செவிலியர் பதிவு செய்து ‘பிக்மி’ என்ற பதிவு எண் தருகிறார். பிறந்தவுடன் காசநோய்த் தடுப்பூசியும் போலியோ சொட்டு மருந்தும் தரப்படுகின்றன. ஆறாவது வாரத்தில் அடுத்த தவணை. மருத்துவமனைப் பிறப்பை 21 நாளுக்குள் பதிவாளருக்குத் தெரிவிப்பது மருத்துவமனையின் கடமை. வயிற்றில் சுமந்தவள் பெயர் ஒரு பதிவேட்டிலும், சான்றிதழில் தாயாக வேறொரு பெயரும் இருந்தால், அதை ஒரு மாலை நேரத்தில் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். ஒப்பிட ஆள் இல்லை என்பதைக் காரணமாக ஏற்க முடியாது. தாய் ஒருத்தி இறந்தால் ஆட்சியர் முன்னிலையில் மருத்துவர்களை உட்காரவைத்து ஏன் இறந்தாள் என்று கேட்கும் மாநிலம் இது. பிள்ளை காணாமல் போனாலும் அந்தக் கேள்வியை அதே கண்டிப்போடு கேட்டாக வேண்டும்.

நாமக்கல்லின் பக்கத்து மாவட்டமான சேலத்துக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது இந்த மண்ணில்தான். பெண் பிள்ளை வேண்டாம் என்று நினைக்கும் வீட்டின் வறுமையும் அவமானமும் இங்கே அதிகாரிகளுக்குப் புதிதல்ல. அந்த இயலாமையைத்தான் தரகர்கள் மோப்பம் பிடிக்கிறார்கள். வார்டுக்குள் வெள்ளை உடையில் இருப்பவரே தரகருக்குத் தகவல் சொன்னால், அந்தத் தாய்க்கு வேறு போக்கிடம் ஏது? இதைச் சிலரின் பேராசை என்று சொல்லித் துறை கைகழுவுவதை நாம் ஏற்கவில்லை. கண்காணிக்க வேண்டியவர்கள் கண்காணிக்கவில்லை. அவர்களும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

வளர்க்க இயலாத பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கச் சட்டம் வழி தருகிறது. மனம் மாறினால் திரும்பப் பெற்றுக்கொள்ள 60 நாள் அவகாசமும் உண்டு. தரகருக்கு முன்னால், செவிலியர் இதைத் தாயின் கட்டிலருகே போய்ச் சொல்ல வேண்டும். பிள்ளையோடு தாய் வீடு திரும்புவதையும் ஆறாவது வாரம் வரை அவர்களைப் பின்தொடர்வதையும் தர ஆய்வில் மதிப்பெண்ணுக்குரிய அம்சங்களாக அரசு சேர்க்க வேண்டும். இவ்விரு வழக்குகளிலும் மேற்பார்வை எங்கே தவறியது, அதற்கு யார் பொறுப்பு என்பதையும் சுகாதாரத் துறை மக்கள் முன் வைக்க வேண்டும். பிள்ளையை விலை பேசுவதாகச் சந்தேகம் வந்தால் எந்த ஊராரும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழைக்கலாம்.