அட்டப்பாடிப் பாட்டுக்கு எதற்குத் தேவாலய முழக்கம்?

பழங்குடிப் பாடல்களைப் பதிவுசெய்வோரிடையே ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. குரல் பதிவாகி முடிந்ததும் அதன்மேல் நீண்ட எதிர்முழக்கம் ஏற்றப்படுகிறது. ஒலிக்கூடங்களில் ‘ரிவெர்ப்’ என வழங்கும் அவ்விளைவு பாடுபவரைத் தொலைவுக்குத் தள்ளுகிறது. சொற்களின் விளிம்பைக் கரைக்கிறது. கேட்பவர் மனத்தில் ஒரு மலைக்காட்டை எழுப்புகிறது. பாலக்காட்டு எல்லையில் வாழும் இருளரின் பாடல்களும் இடுக்கி மலைகளில் வாழும் முதுவரின் பாடல்களும் ஆவணப்படங்கள் வழியாகவும் காணொளிகள் வழியாகவும் பலமுறை இந்தக் கோலத்தில்தான் வெளியுலகை அடைகின்றன. இது சுவை சார்ந்த தேர்வு என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அந்தச் சுவை ஒலியியலுக்குப் பொருந்தாதது, மொழிக்குத் தீங்கானது, பாடியவருக்கு இழைக்கப்படும் அநீதி.

ரிவெர்ப் தேர்வு எப்போது நேர்மையானது என்பதற்குச் சர்ஃப் கிட்டார் நல்ல சான்று. 1960களின் தொடக்கத்தில் தென் கலிஃபோர்னியக் கடற்கரையில், அலைச்சறுக்கு விளையாடிய இளைஞரிடையே வளர்ந்த இசை அது. ஃபெண்டர் நிறுவனம் 1961இல் தனிப்பெட்டியாக வெளியிட்ட ரிவெர்ப் கருவி அவ்விசையின் அடையாளமாயிற்று. பெட்டிக்குள் இருப்பவை சுருள்வில்கள். கிட்டாரின் மின்னலைகள் ஒரு முனையில் அதிர்வாக மாறி, வில்லின் வழியே ஓடி, மறுமுனையில் மீண்டும் மின்னலைகளாகின்றன. வில்லில் எல்லா அதிர்வெண்களும் ஒரே வேகத்தில் செல்வதில்லை. அதனால் ஒவ்வொரு மீட்டலின் பின்னும் நீர் சொட்டுவது போன்ற ஓர் ஓசை கேட்கிறது. வில்லை எவ்வளவு வலுவாக உந்துவது, மூல ஒலியோடு எவ்வளவு கலப்பது, எவ்வளவு கூர்மை சேர்ப்பது என மூன்று குமிழ்கள் மட்டுமே அக்கருவியில் உண்டு.

அந்த ஓசை கடலின் ஓசையாகவே ஏற்கப்பட்டது. ஆனால் திறந்த கடற்கரையில் எதிர்முழக்கம் ஏறக்குறைய இல்லை. ஒலியைத் திருப்பியனுப்ப அங்கே சுவர்கள் இல்லை. சர்ஃப் இசையின் முதல் பதிவுகளுள் ஒன்றாகக் கருதப்படும் டிக் டேலின் ‘லெட்ஸ் கோ டிரிப்பின்’ 1961இல் வெளிவந்தது. அதில் அந்த ஈர ஓசை கிடையாது. ஆக, சுருள்வில்லின் ஓசை கடலைக் குறிப்பது ஓர் இடுகுறி, பின்னர் வந்து நிலைத்த வழக்கு. அவ்வழக்கை நிலைநாட்டியவர்கள் யார் என்பதே முதன்மையான கேள்வி. டேல் தாமே அலைச்சறுக்கு வீரர். அக்கடற்கரையின் மக்கள் தங்கள் கடலுக்குத் தாங்களே ஓர் ஓசையைத் தேர்ந்தார்கள். மேலும், கிட்டாரிடம் கரைந்துபோவதற்குச் சொற்கள் இல்லை.

அட்டப்பாடியில் இவ்விரண்டும் தலைகீழாகின்றன. ஓசையைத் தேர்பவர் வேறு, பாடுபவர் வேறு. கரைவன சொற்கள்.

முதலில் ஒலியியலைப் பார்க்கலாம். பல நொடிகள் நீளும் முழக்கம் கல்லால் கட்டிய பெரிய மண்டபங்களுக்கு உரியது. காட்டில் மரங்கள் ஒலியைச் சிதறடிக்கின்றன. இலையும் மண்ணும் அதை விழுங்குகின்றன. மேலே வானம் திறந்திருக்கிறது. எதிரே 170 மீட்டர் தொலைவில் பாறைச்சுவர் இருந்தால், கூவியவருக்கு ஏறத்தாழ ஒரு நொடி கழித்துத் தனித்த எதிரொலி ஒன்று திரும்பக்கூடும். அதற்கும் குரலைச் சூழ்ந்து நிற்கும் புகைமூட்டம் போன்ற முழக்கத்துக்கும் தொடர்பில்லை. இருளர் பாடல்கள் ஊரு முற்றத்தில், பறையும் தவிலும் கொகலும் ஜால்ராவும் ஒலிக்க, வட்டமாக ஆடுவோர் நடுவே, கைக்கெட்டும் தொலைவில் பாடப்படுபவை. அவற்றைக் ‘காட்டின் ஓசை’ என்று சொல்லி ஐரோப்பியத் தேவாலயத்துக்குள் நிறுத்துவதுதான் நடைமுறையில் நிகழ்கிறது.

அடுத்தது மொழி. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் விரிவுரை அரங்கில் பேச்சு விளங்கவில்லை என்ற முறையீடு எழுந்தபோது, அதைச் சீர்செய்யும் பொறுப்பு வாலஸ் சபின் என்ற இயற்பியலாளரிடம் வந்தது. அவ்வரங்கில் ஓர் ஒலி ஏறத்தாழ ஐந்தரை நொடி நீடித்தது. ஒரு சொல் ஓயுமுன் அடுத்தடுத்த சொற்கள் அதன்மேல் விழுந்தன. இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பிப் பரப்பி அளந்து, எதிர்முழக்கத்தின் கணக்கை அவர் கண்டறிந்தார். நூற்றாண்டுக்கு முன் விரிவுரை அரங்கின் குறையாகக் கருதப்பட்ட ஒன்று, இன்று பழங்குடிப் பாடலுக்கு அழகு எனப் பூசப்படுகிறது.

திராவிட மொழிகளில் இதன் சேதம் இன்னும் கூர்மையானது. ‘படு’, ‘பட்டு’ ஆகியவற்றைப் பிரித்தறிய உதவுவது நடுவே வரும் அடைப்பின் நீளம், அதாவது மிகச் சிறிய ஒரு மௌனம். ‘பல்’, ‘பால்’ என்பவற்றைப் பிரிப்பது உயிரின் அளவு. முழக்கத்தின் வால் அந்த மௌனத்தை நிரப்புகிறது. குறிலை நெடில்போல் இழுக்கிறது. தமிழ்ப் பாடலில் கேட்பவர் தம் மொழியறிவால் இடைவெளியை ஊகித்து நிரப்பிக்கொள்வார். இருளத்தின் நடுவுயிர்கள் தமிழ்ச் செவிக்கும் மலையாளச் செவிக்கும் பழக்கமற்றவை. கமில் சுவலபில் 1973 முதல் பல பகுதிகளாக வெளியிட்ட இருள மொழி ஆய்வு இருந்தும், பல்கலைக்கழகங்களில் அம்மொழியைச் செவியால் அறிந்தவர் மிகச் சிலரே. அத்தகைய மொழியின் பதிவில் ஓர் உயிர் மங்கினால் அதை ஊகித்து மீட்கக் கேட்பவரிடம் எதுவும் இல்லை.

நஞ்சியம்மாவின் நிகழ்வு இந்தச் செவிட்டுத்தன்மையைத் தெளிவாகக் காட்டியது. ‘அய்யப்பனும் கோஷியும்’ 2020இல் வெளிவந்தது. அதில் அவர் தாமே இயற்றிப் பாடிய பாடலுக்காக, சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது 2022 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. சுருதியையும் பயிற்சியையும் முன்வைத்து ஒரு தரப்பு ஐயம் எழுப்பியது. மறுதரப்பு ‘மண்ணின் குரல்’ என்று கொண்டாடியது. இருதரப்பும் பேசியது குரலைப் பற்றி. அவர் ஒரு மொழியில் சொற்களைக் கோத்தவர், பாடலாசிரியர் என்பது இரண்டு ஆரவாரத்திலும் பின்னுக்குப் போயிற்று. அப்படத்தின் ஒலிக்கலவை இங்கே குற்றம்சாட்டப்படவில்லை. பழங்குடிப் பாட்டை உரையாகக் கேளாமல் ஓசையாக மட்டும் கேட்கும் பழக்கமே குற்றம்சாட்டப்படுகிறது. நீண்ட ரிவெர்ப் அப்பழக்கத்தின் தொழில்நுட்ப வடிவம்.

எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை. ரிவெர்ப் இல்லாத குரல் வறண்டு ஒலிக்கும், திரைப்படத்துக்கு அது ஒவ்வாது என்பர். உண்மைதான், ஒரு சிறு அறையின் அளவுக்குக் குறுகிய முழக்கம் அவ்வறட்சியை நீக்கப் போதும். கச்சேரி மேடைகளிலும் ரிவெர்ப் உண்டே என்பர். ஆம், ஆனால் அங்கே சாகித்தியம் விளங்கவில்லை என்றால் பாடகர் மேடையிலிருந்தே ஒலிப்பொறியாளரைப் பார்த்துக் கையசைப்பார். அந்த அதிகாரம் ஊரு முற்றத்தில் பாடும் பாட்டிக்கு இல்லை. வேற்றுமை அங்கேதான்.

ஆகவே கோரப்பட வேண்டியவை எளியவை. விளைவு ஏற்றப்படாத மூலப்பதிவு பாடிய சமூகத்திடம் ஒப்படைக்கப்பட வேண்டும். ரிவெர்ப் தனித்தடத்தில் சேர்க்கப்படுவதால் இதற்குக் கூடுதல் செலவு ஏறக்குறைய இல்லை. இறுதிக் கலவை வெளியாகுமுன் பாடியவர் அதைக் கேட்டு ஒப்ப வேண்டும். அப்பாடலை முன்பு கேட்டிராத, அம்மொழி பேசும் ஒருவரால் சொற்களை எழுதிக்கொடுக்க முடிகிறதா என்பதே கலவையின் தேர்வாக அமைய வேண்டும். மொழியியல் துறைகள் விளைவு ஏற்றிய பதிவுகளைத் தரவாக ஏற்பதை நிறுத்த வேண்டும். எடமலைக்குடியிலும் அட்டப்பாடியிலும் நாளை தம் பாட்டியின் பாடலைத் தேடும் பிள்ளைகளுக்கு மிஞ்சப்போவது இந்தப் பதிவுகளே.

இருளர் பாட்டோடு மின்கிட்டாரைச் சேர்க்க விழையும் இசைக்குழுக்களுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். சுருள்வில்லின் ஈரம் முழுவதையும் கிட்டாருக்கே வைத்துக்கொள்ளட்டும்; அது அக்கருவியின் உரிமை. பாடுபவரின் குரல், அவர் நின்ற இடத்தில், கேட்பவர் முகத்துக்கு நேரே, சொல் சொல்லாக ஒலிக்கட்டும்.