மஞ்சள் பலகையில் இன்னோர் எண்

ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் ஓர் எண் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? சராசரிக் கடல் மட்டத்திலிருந்து அந்த இடம் எவ்வளவு உயரம் என்பதை அது சொல்கிறது. உதகமண்டலத்தில் அது 2,200 மீட்டரைத் தாண்டும். கடலூரிலும் சிதம்பரத்திலுமோ சில மீட்டர்கள்தான்!

அலையும் ஓதமுமாக ஏறி இறங்கும் கடலுக்கு மட்டம் ஏது? அன்றைய இந்தியாவின் ஒன்பது துறைமுகங்களில் நீர்மட்டத்தைப் பல ஆண்டுகள் அளந்து சராசரி கண்டார்கள். நமக்கு அருகிலுள்ள நாகப்பட்டினமும் அவற்றுள் ஒன்று. அந்த அடிப்படையில் 1909-இல் நாட்டின் உயர அளவுகளுக்குப் பொதுவான சுழியம் வகுக்கப்பட்டது. பாதையின் ஏற்ற இறக்கத்தைத் திட்டமிட ரயில்வே பொறியாளர்களுக்கு இத்தகைய பொது அளவு தேவை.

இந்த எண் பொறியாளர்களோடு நின்றுவிடக் கூடாது. அதன் பக்கத்தில் வெள்ளம் ஏறிய உயரங்களையும் எழுதி வைக்க வேண்டும் என்பதே என் கருத்து.

நம் பகுதி 2004-இல் ஆழிப்பேரலையையும், 2011-இல் தானே புயலையும், 2015-இல் பெருமழை வெள்ளத்தையும் கண்டது. 2024 டிசம்பரில் தென்பெண்ணை பெருக்கெடுத்துக் கடலூரைச் சூழ்ந்தது. எவ்வளவு தண்ணீர் வந்தது என்று கேட்டால், "இடுப்பளவு" என்பார்கள். யாருடைய இடுப்பு? எந்தத் தெருவில்? பத்தாண்டு கழித்து அங்கே புதிதாக வீடு கட்டுபவருக்கு இந்த விடை உதவுமா?

பொதுச் சுழியத்திலிருந்து அளந்தால் குழப்பம் இல்லை. எடுத்துக்காட்டாக, ஒரு பேட்டையில் வெள்ளம் 5.2 மீட்டர் உயரத்தைத் தொட்டது என்று வைத்துக்கொள்வோம். அங்குள்ள பள்ளி முற்றத்தின் உயரம் 4 மீட்டர் என்றால், அங்கு 1.2 மீட்டர் நீர் நின்றிருக்கும். ஆய்வுக்கூடத்தையும் பதிவேடுகளையும் எங்கே வைப்பது என்பதை உடனே முடிவு செய்யலாம்.

"ஒரு நிலையத்தில் எழுதினால் ஊர் முழுவதற்கும் போதுமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஓடும் வெள்ளத்தின் மேற்பரப்பு குளத்து நீரைப் போல் சமமாக இராது. ஆகவே பேட்டைதோறும் அடையாளம் வேண்டும்; அவற்றின் பட்டியல் ரயில் நிலையத்தில் இருக்கட்டும். ஊரார் அனைவரும் வந்து போகும் இடம் அது அல்லவா?

இதனால் மக்கள் அஞ்சுவார்கள் என்று சிலர் தயங்கலாம். ஜப்பானின் கடலோர ஊர்களில் தெருக் கம்பங்களிலேயே கடல் மட்டத்திலிருந்து உயரம் எழுதப்பட்டிருக்கிறது. அது அச்சுறுத்த அன்று. எந்தப் பக்கம் ஓடினால் பிழைக்கலாம் என்று காட்டவே.

தொடக்க வேலையை நீங்களே செய்யலாம். பலகையின் எண் தண்டவாளத்தைக் குறிக்கிறதா, நடைமேடையைக் குறிக்கிறதா என்று நிலைய அதிகாரியிடம் கேளுங்கள். கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய் ஒன்று போதும். ஆசிரியரின் துணையோடு, நிலைய வாசலிலிருந்து பள்ளி வரை உயரத்தைப் படிப்படியாகக் கொண்டுவரலாம். ஒவ்வொரு படியிலும் சிறு பிழை சேரும். அதனால் திரும்பும்போதும் அளந்து ஒப்பிடுங்கள். தண்டவாளப் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

பிறகு முதியவர்களிடம் கேட்டுப் பள்ளிச் சுவரில் ஒரு கோடு போடுங்கள். அடுத்த வெள்ளத்தின்போது அந்தக் கோடு ஓர் உயிரைக் காக்கக்கூடும்.